அகலம் மட்டும் போதுமா?



மதரஸாவில் பாடம் நடத்துகிற ஒருவன் படகைப் பற்றி எழுத வந்திருக்கிறானே என்று நீங்கள் வியக்கக்கூடும். நான் கடலோடி அல்லன். கல்லூரியில் வரலாறு படித்து இளங்கலைப் பட்டம் பெற்றவன். கணக்கும் அறிவியலும் பள்ளிக்கூடத்தோடு என்னிடம் விடைபெற்றுக்கொண்டன. எனினும் இராமநாதபுரம் சீமையின் கடற்கரையில் பிறந்தவன். தோணியேறி இலங்கைக்கு வணிகம் செய்யப் போன பெரியவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன். படகைப் பற்றித் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாகவே இருந்து வந்தது. அந்த வெட்கத்தைச் சென்ற ஆண்டு ஒரு சிறுவன் வெளிப்படுத்தினான். என் சகோதரி மகன் தீர்த்து வைத்தான். கூடவே, நான் எதிர்பாராத வேறொரு பாடத்தையும் அவன் எனக்குக் கற்பித்துவிட்டான். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

அஸர் தொழுகைக்குப் பின் நடக்கும் வகுப்பில் ஒரு மாணவன் தன் ஆங்கில அகராதியை என்னிடம் நீட்டினான். "ஹஜ்ரத்! 'கேட்டமரான்' என்பது நம் தமிழ்ச் சொல் என்று இதில் போட்டிருக்கிறது. ஆனால் படத்தில் இரண்டு படகுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம் கட்டுமரம் இப்படி இருக்காதே?" என்று கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். ஆசிரியர்கள் "நாளைக்கு" என்றால் அதன் பொருள் என்னவென்று மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வாரத்திலேயே ராத்தாவிடமிருந்து தொலைபேசி வந்தது. மாலத்தீவின் உல்லாசத் தீவொன்றில், விருந்தினரைப் பாய்மரப் படகில் ஏற்றிச் செல்லும் வேலையில் இருந்த என் மருமகன், வலது கையில் மாவுக்கட்டுடன் வீடு திரும்பியிருந்தான். படகு கவிழ்ந்துவிட்டதாம். "தம்பி, இவனை இனிமேல் கடலுக்கு அனுப்ப மாட்டேன். நீ வந்து எடுத்துச் சொல்லு. நீ சொன்னால்தான் கேட்பான்" என்று ராத்தா அழுதார்கள். சொல்ல வேண்டியவற்றை வழியெல்லாம் மனத்தில் அடுக்கிக்கொண்டே போனேன்.

நடந்தது இதுதான். ஒரு தந்தையையும் அவருடைய பத்து வயது மகனையும் ஏற்றிக்கொண்டு சிறிய இரட்டைப் படகொன்றில் இவன் சென்றிருக்கிறான். திடீரென்று காற்று வலுத்துப் படகு கவிழ்ந்து, பாய்மரம் கீழாகவும் அடிப்புறம் மேலாகவும் முழுமையாகத் திரும்பிவிட்டது. தந்தை வெளியே விழுந்தார். சிறுவனோ இரண்டு ஓடங்களுக்கும் நடுவே இழுத்துக் கட்டிய துணித்தளத்துக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டான். மிதக்க வைக்க வேண்டிய உயிர்காப்பு அங்கியே அவனை அந்தத் துணியோடு சேர்த்து அழுத்தியது. இவன் உள்ளே மூழ்கி அவனை இழுத்து வந்தான். அப்போது குறுக்குச் சட்டம் மோதித்தான் கை முறிந்தது. அல்ஹம்துலில்லாஹ், மூவரும் பிழைத்தார்கள்.

நான் என் உபதேசத்தைத் தொடங்குமுன் ஒரு கேள்வி கேட்டேன்: "அவ்வளவு பணக்காரத் தீவில் இன்னும் அகலமான படகு ஒன்றை வாங்கி வைக்கக் கூடாதா? அகலமாக இருந்தால் கவிழ்ந்திருக்காதே?"

அவன் சிரித்தான். "மாமா, எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். வாருங்கள், காட்டுகிறேன்" என்று கிணற்றடிக்கு அழைத்துச் சென்றான்.

வாழைமட்டையில் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு துண்டுகளை வெட்டச் சொன்னான். அவன் கை கட்டுப்போட்டிருந்ததால் எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டியதாயிற்று. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஈர்க்குச்சிகளைக் குறுக்கே செருகி இணைத்தேன். நடுவில் ஒரு குச்சியை நிறுத்தித் தாளைப் பாயாக மாட்டினேன். முதலில் இரண்டுக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளிதான். தொட்டித் தண்ணீரில் விட்டுப் பக்கவாட்டில் ஊதினேன். மெல்ல ஊதியதற்கே சாய்ந்து படுத்துவிட்டது. இடைவெளியை நான்கு விரற்கடை ஆக்கச் சொன்னான். இப்போது அதே மூச்சுக்கு அசையாமல் நின்று முன்னோக்கி ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தாயா? அகலம்தான் காக்கிறது!" என்றேன்.

அவன் அதற்கான காரணத்தை விளக்கினான். கணக்குக்கு அஞ்சுகிற வாசகர்கள் அஞ்ச வேண்டாம். எனக்கே விளங்கிய கணக்கு இது.

இரட்டைப் படகைக் காற்று சாய்க்கும்போது, காற்று வரும் பக்கத்து ஓடம் மேலெழும்பப் பார்க்கிறது. மறுபக்கத்து ஓடம் முழுச் சுமையையும் தாங்குகிறது. தாங்கும் ஓடம் நெம்புகோலின் ஊன்றுபுள்ளி என்று கொள்ளுங்கள். படகின் எடை நடுவில் இருக்கிறது. ஆகவே அதற்குக் கிடைக்கும் நெம்பு நீளம் இரு ஓடங்களின் இடைவெளியில் பாதி. காற்று வரும் பக்கத்தின் ஓரத்தில் போய் அமர்கிற ஆட்களுக்கோ இடைவெளி முழுவதும் நெம்பு நீளமாகக் கிடைக்கிறது. படகு 150 கிலோ, இருவர் சேர்ந்து 150 கிலோ, இடைவெளி 2 மீட்டர் என்றால், படகுக்கு 150, ஆட்களுக்கு 300, ஆக 450 பங்கு எதிர்ப்பு. இடைவெளியை 3 மீட்டர் ஆக்கினால் அது 675 ஆகிறது. ஆக, அகலம் ஒன்றரை மடங்கானால் எதிர்ப்பும் ஒன்றரை மடங்கு.

பாக் நீரிணையில் ஓடிய வத்தை என்னும் பாய்மரப் படகில், குறுக்கே பலகையை நீட்டி, அதன்மேல் ஆட்கள் ஏறி அமர்ந்து கடலுக்கு மேலே தொங்குவதைப் பற்றி வாப்பா சொல்வார்கள். சிறுவயதில் அதை வேடிக்கையாகவே கேட்டேன். இந்தக் கணக்கைத்தான் அவர்கள் ஏடும் எழுத்தாணியும் இல்லாமல் போட்டிருக்கிறார்கள் என்பது இப்போதுதான் விளங்கியது.

"ஆனால் மாமா, காற்று வேறு கணக்குப் போடும்" என்றான் மருமகன். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். ஆகவே 20 கிலோமீட்டர் வேகக் காற்றில் ஓடம் தூக்கும் அந்த 2 மீட்டர் படகை 3 மீட்டர் ஆக்கினால், பாயைக் குறைக்காதவரை, ஏறத்தாழ 24½ கிலோமீட்டர் வரைதான் அது தாங்கும். அகலத்தில் பாதியளவு கூட்டினோம். காற்றிலோ நான்கில் ஒரு பங்குகூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. அதே படகு 40 கிலோமீட்டர் காற்றைத் தாங்க வேண்டுமானால் அகலம் 8 மீட்டர் வேண்டும். அகலத்தைக் கொண்டு மட்டும் காற்றை வென்றவர் எவரும் இலர்.

அடுத்து, இடைவெளியை ஒரு சாணுக்கும் மேலாக விரிக்கச் சொன்னான். படகின் நீளத்தைவிட அகலம் கூடிவிட்டது. ஊதினேன். பக்கவாட்டில் சாயவேயில்லை. பின்புறத்திலிருந்து ஓங்கி ஊதியபோது அணியம் இரண்டும் தண்ணீருக்குள் குத்தி, பின்புறம் எழும்பி, படகு தலைகுப்புற விழுந்தது. நிமிர்த்தி மீண்டும் விட்டேன். தண்ணீரைக் கையால் கலக்கிச் சிற்றலை எழுப்பினான். ஒரு மட்டை மேலேறவும் மற்றது கீழிறங்கவும் ஈர்க்குச்சிகள் முறுகின, ஒன்று ஒடிந்தது.

வாசகர்களே, அந்தத் தொட்டிக்குள் நான் கண்டவை மூன்று உண்மைகள். பக்கவாட்டில் கவிழ வழியில்லாத படகு, நீளவாக்கில் கவிழ வழி தேடுகிறது. அகலம் கூடக் கூட, இரு ஓடங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் வளைவையும் முறுக்கையும் அதிகமாகத் தாங்க வேண்டியிருக்கிறது. அவற்றை வலுவாக்கினால் எடை ஏறி வேகம் குறைகிறது. மூன்றாவதாக, திருப்புவது கடினமாகிறது. காற்றை எதிர்கொண்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பும்போது, வெளிவட்டத்து ஓடம் நெடுந்தூரம் சுற்றி வர வேண்டும். எடை குறைந்த இரட்டைப் படகுக்கு உந்திச் செல்லும் வேகம் சீக்கிரம் அற்றுப்போகும். காற்றுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு நடுவழியில் நின்றுவிடும். அப்போது முன்பாயை எதிர்ப்பக்கம் பிடித்துக் காற்றைக்கொண்டே முகத்தைத் தள்ளித் திருப்புவார்களாம்.

சரி, குறுக்கிவிட்டால் என்ன? நெருங்கி நிற்கும் ஓடங்கள் எழுப்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதி வேகத்தைக் குறைக்கும், பாய் தாங்காது. ஆகவே நடுவழி ஒன்றை அனுபவம் கண்டுபிடித்திருக்கிறது. 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் ஓடிய டொர்னாடோ என்னும் பந்தயப் படகின் நீளம் 6.1 மீட்டர், அகலம் ஏறத்தாழ 3 மீட்டர், கிட்டத்தட்டப் பாதி. உலகெங்கும் கடற்கரைகளில் காணப்படும் ஹோபி 16 என்பதன் நீளம் 5.05 மீட்டர், அகலம் 2.41 மீட்டர், ஏறத்தாழப் பாதி. நீளத்தில் பாதி அகலம் என்பது பலரும் கவிழ்ந்து கவிழ்ந்து வந்தடைந்த முடிவு.

வரலாறு படித்தவன் இதற்குமேல் சும்மா இருக்க முடியுமா? ஊருக்குத் திரும்பியதும் நூலகத்தில் தேடினேன். வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில், சோழமண்டலக் கரையில் கண்ட மரக்கட்டை மிதவைகளை நம் சொல்லாலேயே குறித்தார். அது மரங்களைக் கயிற்றால் கட்டியது, ஓடமே இல்லாதது. தண்ணீர் உள்ளே புகுந்து தேங்குவதற்கு அதில் இடமில்லை. கவிழ்ந்தாலும் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். பெயர் மட்டும் பயணம் போய் இரட்டைப் படகின் தலையில் அமர்ந்துகொண்டது. இரட்டைப் படகின் உண்மையான தாயகம் பசிபிக் தீவுகள். அங்கே பாலினீசிய மக்கள் இரண்டு நீண்ட ஓடங்களைச் சட்டங்களால் இணைத்துக் கயிற்றால் பிணைத்துப் பெருங்கடலைக் கடந்தார்கள். அவர்களுடைய மரபில் கட்டப்பட்ட ஹோகுலேயா என்னும் படகு 1976-இல் ஹவாயிலிருந்து தாஹிதி வரை, நவீனக் கருவிகள் இன்றி, விண்மீன்களையும் அலைகளையும் கொண்டே வழியறிந்து சென்றது. வழிகாட்டியவர் சதவால் தீவைச் சேர்ந்த மௌ பியாலுக். அதன் நீளம் ஏறத்தாழ 62 அடி. அகலமோ அதில் நான்கில் ஒரு பங்கை ஒட்டியதுதான். நெடும்பயணத்துக்கு அவர்கள் நீளத்தையும், அலைக்கு வளைந்து கொடுக்கும் கயிற்றுக் கட்டையும் நம்பினார்கள்.

1876-ஆம் ஆண்டில், அதாவது அதற்குச் சரியாக நூறாண்டுகளுக்கு முன்னர், நதானியேல் ஹெர்ரெஷாஃப் என்னும் அமெரிக்கர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டைப் படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டினார். இரு ஓடங்களும் தனித்தனியே அலையில் ஏறியிறங்குமாறு மூட்டுகளை வைத்திருந்தார். என் ஈர்க்குச்சி ஒடிந்ததே, அந்தத் தொல்லைக்கான மருந்து அது. எல்லாப் படகுகளையும் அது முந்திவிட்டது. அதனாலேயே அதைப் போட்டியிலிருந்து விலக்கிவிட்டார்கள்!

ஆனால் வெற்றிகளை மட்டும் சொல்லிச் செல்வது நேர்மையாகாது. 1978 மார்ச் மாதத்தில் அதே ஹோகுலேயா ஹவாய்த் தீவுகளுக்கு அருகே, ஓர் ஓடத்தில் நீர் புகுந்து, கொந்தளிப்பில் கவிழ்ந்தது. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு தோழர்கள் மிதக்க, எடி ஐகாவ் என்னும் புகழ்பெற்ற அலைவீரர் உதவி கொண்டுவர ஒரு பலகையின் மீது துடுப்பிட்டுச் சென்றார். தோழர்கள் மீட்கப்பட்டார்கள், அவரை யாரும் மீண்டும் காணவில்லை. 2013 மே மாதத்தில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில், 14 மீட்டர் அகலமுள்ள பந்தய இரட்டைப் படகொன்று பயிற்சியின்போது கவிழ்ந்து உடைந்தது. ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஆண்ட்ரூ சிம்ப்சன் அதனடியில் சிக்கி உயிரிழந்தார். 14 மீட்டர் அகலம்! எங்கள் தெருவின் அகலம் அதில் பாதிகூட இராது.

மீண்டும் கிணற்றடிக்கு வருவோம். கவிழ்ந்த வாழைமட்டைப் படகைச் சுட்டிக்காட்டி மருமகன் கேட்டான்: "மாமா, இது இப்போது எப்படி நிற்கிறது, பாருங்கள்." பார்த்தேன். தலைகீழாக, ஆடாமல் அசையாமல் நின்றது. நேராக இருந்தபோது எந்த அகலம் அதைக் காத்ததோ, அதே அகலம் இப்போது அது நிமிர்ந்துவிடாதபடி காத்துக்கொண்டிருந்தது. அடியில் ஈயமோ இரும்போ கட்டிய ஒற்றைப் படகு தொடக்கத்திலேயே சாயும்; சாயச் சாய எதிர்ப்பைக் கூட்டும்; பெரும்பாலும் தானே நிமிரும். இரட்டைப் படகு தொடக்கத்தில் சாய்வதேயில்லை. காற்று வரும் பக்கத்து ஓடம் நீரைவிட்டு எழும்புகிற அந்தக் கணத்தில் அதன் எதிர்ப்பு உச்சத்தில் இருக்கிறது. அதற்குமேல் ஒவ்வொரு பாகைக்கும் அது குறைந்துகொண்டே போகிறது. ஏறியவர்களுக்கோ அதுதான் மகிழ்ச்சியான நேரம், பறப்பது போலிருக்கும். படகு தன் கையிருப்பு முழுவதையும் செலவழித்துவிட்டது என்பதை எவரும் உணர்வதில்லை.

"அன்றைக்கு அப்படித்தான் நடந்ததா?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசாமலிருந்தான். பிறகு சொன்னான்: "அந்தப் பையன் ஓடத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னான், மாமா. அவன் சிரிப்பதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. பாயின் தாமான் கயிறு கையில் இருந்திருக்க வேண்டும். காற்று வலுத்தால் உடனே விட்டுவிடலாம். பாய் காற்றை இழக்கும், ஓடம் இறங்கிவிடும். நான் அதைப் பிடிப்பானில் மாட்டிவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று வந்தபோது கயிற்றை எடுக்கக் கை நீட்டினேன். எட்டவில்லை."

அப்போதுதான் ஒரு தாளை எடுத்துக் காட்டினான். விபத்துக்கான காரணத்தை எழுதி அனுப்புமாறு வேலை கொடுத்தவர்கள் கேட்டிருந்தார்கள். வலக்கை கட்டுப்போட்டிருந்ததால் அவன் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும் என்றான்.

வாசகர்களே, இங்கேதான் நான் உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். உண்மை பேசுங்கள் என்று இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வருகிறவன் நான். அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் என் வாயிலிருந்து வந்த சொற்கள் இவை: "எதிர்பாராத காற்று என்று எழுதிவிடலாமே? பொய் இல்லையே? காற்றும் வந்ததுதானே? உன் வேலை போய்விட்டால் தங்கை திருமணக் கடனை யார் அடைப்பது?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "மாமா, காற்று என்று எழுதினால் அடுத்து வருகிறவனும் கயிற்றை மாட்டிவைப்பான். இன்னொரு பிள்ளை துணிக்கு அடியில் போவான். எனக்கு ஒரு கைதான் முறிந்தது" என்றான்.

அவன் சொன்னபடியே எழுதினேன். ஒரு வரியையும் மாற்றவில்லை. எழுதும்போது என் கைதான் நடுங்கியது.

ராத்தாவிடம் நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. "இவனுக்கு நான் அறிவுரை சொல்ல வந்தேன், ராத்தா. இவன் எனக்குச் சொல்லிவிட்டான். போக விரும்பினால் தடுக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர்கள் வெகுநேரம் என்னோடு பேசவில்லை. இன்றும் கடலில் காற்று என்று செய்தி வந்தால் முதலில் எனக்குத்தான் தொலைபேசி வரும்; பாதி துஆவும் பாதி ஏச்சுமாக.

தாளைப் படித்த தீவுக்காரர்கள் அவனை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆனால் படகிலிருந்து இறக்கிக் கரைவேலைக்கு மாற்றினார்கள், சம்பளமும் குறைந்தது. கடன் தவணை இரண்டு மாதம் தவறியது. நானும் கொஞ்சம் கொடுத்தேன். எட்டு மாதங்களுக்குப் பின் மீண்டும் படகில் ஏற்றியிருக்கிறார்கள். சிறுவர்கள் ஏறும் படகில் தாமானை மாட்டி வைக்கலாகாது என்று அங்கே எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னான்.

எண்ணிப் பார்க்கிறேன். ஊரில் எனக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. தெருவில் நடந்தால் ஸலாம் சொல்லி வழிவிடுகிறார்கள். அந்த அகலமான தளத்தின்மேல் ஆடாமல் அசையாமல் நின்றதால், நான் சாயக்கூடியவன் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. தினமும் கொஞ்சம் சாய்ந்து, தடுமாறி, நிமிர்ந்து பழகியவனுக்கு எச்சரிக்கை கிடைத்துக்கொண்டே இருக்கிறது. சாய்ந்தே பழகாதவன்தான் கயிற்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாணவனுக்குச் சொன்ன "நாளைக்கு" அப்படியே இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். மறுவாரமே வாழைமட்டையோடு வகுப்புக்குப் போனேன். பள்ளிவாசல் கிணற்றடியில் பிள்ளைகள் வட்டமாக அமர, ஒவ்வொருவனும் தனக்கு வேண்டிய இடைவெளியில் படகு கட்டினான். மிகவும் அகலமாகக் கட்டியவன்தான் முதலில் தலைகுப்புற விழ வைத்தான். கேள்வி கேட்ட அந்த மாணவன், நீளத்தை ஒரு குச்சியால் அளந்து, குச்சியைச் சரிபாதியாக ஒடித்து, அந்த அளவுக்கு இடைவெளி வைத்தான். நான் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கேள்வி கேட்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அவர்களோடு சேர்ந்து ஒரு வாழைமட்டையை வெட்டிப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளில் எவரேனும் கடல் கடந்து பிழைக்கப் போயிருந்தால், அவர்கள் நேராகச் சென்று நேராகத் திரும்ப வல்ல நாயன் அருள்புரிவானாக!